பழ ஈயின் நினைவைச் சோதிக்க, முதலில் பாட்டிலைப் பாருங்கள்

கிருமியை எதிர்க்கும் வேலையோடு தொடர்புடைய டிப்டெரிசின் பி, ஜிஎன்பிபி-லைக்3 என்னும் இரு மூலக்கூறுகள் பழ ஈயின் நெடுநாள் நினைவுக்கும் தேவைப்படுகின்றன என்று, அமெரிக்காவின் ஸ்டவர்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கௌசிக் சி குழுவினர் 2018இல் காட்டினர். முன்னது தலையின் கொழுப்புத் திசுவிலும் பின்னது நரம்பணுக்களிலும் செயல்படுகிறது. இவை குறைந்தால் குறுகிய கால நினைவுக்குக் குறைவில்லை, நெடுநாள் நினைவு மட்டும் தளர்கிறது. ஆகவே வடசென்னைப் பள்ளி ஒன்றில் நினைவுச் சோதனை செய்ய விரும்புபவர், ஈக்களை நோயின்றி வளர்ப்பதே பாதி வேலை என்று கொள்ள வேண்டும்.

தண்டையார்பேட்டைப் பழக்கடையில் மொய்ப்பவை பல இனங்கள் கலந்தவையாக இருக்கலாம் என்பதால், கல்லூரி விலங்கியல் துறையிடம் இனம் தெரிந்த ஈக்களைக் கேட்டுப் பெறுங்கள். சித்திரை வெயிலில் ஆண் ஈக்கள் மலடாகிவிடக்கூடும். 25 டிகிரியை ஒட்டி நிற்கும் மார்கழியே ஏற்ற காலம். ஒரு லிட்டர் நீரில் ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், உணவை இறுகவைக்கும் கடற்பாசிப் பொடியான அகர் 10 கிராம் சேர்த்துக் காய்ச்சி, சற்று ஆறியபின் பூஞ்சையைத் தடுக்கப் புரோப்பியானிக் அமிலம் 7.5 மில்லி கலந்து, கொதிநீரில் கழுவிய பாட்டில்களில் ஊற்றுங்கள். அமிலத்தைக் கையாள்வது ஆசிரியரின் பொறுப்பு.

கூட்டுப்புழுக் கூட்டிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள் ஆண் ஈக்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்கைந்து நாள் தனிக் குழாயில் வையுங்கள். பிறகு பாதி ஆண்களுடன் மட்டும், ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ ஒன்றை ஏழு மணி நேரம் விடுங்கள். ஆண் அவளைப் பின்தொடரும், முன்காலால் தட்டும், ஒற்றைச் சிறகை விரித்து அதிரவைக்கும். அவளோ உதைத்து விலகிக்கொண்டே இருப்பாள். இந்த மறுப்பே பாடம். மறுநாள் எல்லா ஆண்களிடமும் இணைசேர்ந்த புதிய பெண்ணை விட்டு, பத்து நிமிடத்தில் ஆண் நாடிய விநாடிகளை எண்ணி, 600ஆல் வகுத்துக் கொள்ளுங்கள். பயின்றவற்றின் எண் குறைவாக வந்தால் நினைவு தங்கியிருக்கிறது. எண்ணும் மாணவருக்கு எது பயின்ற ஈ என்பது தெரியக்கூடாது.

என் முதல் முயற்சியில் இரு குழுக்களுக்கும் ஒரே எண்ணே வந்தது. குழம்பி நின்றபோது, வளர்ப்புப் பாட்டிலின் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சையைக் கண்டேன். அதுதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் உடல் கிருமியோடு போராடுகையில் பயன்படும் மூலக்கூறுகளே நினைவுக்கும் வேண்டியிருப்பதால், அத்தகைய ஈக்களின் எண்களை நம்பலாகாது. பூஞ்சையோ வழவழப்போ தென்பட்ட பாட்டிலின் ஈக்கள் அனைத்தையும் விலக்கிவிட்டு, புதிய உணவில் அடுத்த தலைமுறையை வளர்த்துத் தொடங்குங்கள்.