லோடு 14, ஆனால் சிபியு சும்மா இருந்தது

ஞாயிறு காலை சர்வர் லோடு (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 14 என்று அலர்ட் வந்தது, இருப்பதோ நான்கு கோர்தான். ஏதோ ஸ்கிரிப்ட் மாட்டிக்கொண்டது என்று நினைத்து பிஎச்பியை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தேன், வீண் வேலை. டாப் கமாண்டில் வா (wa, டிஸ்குக்காக சிபியு சும்மா காத்திருந்த நேரத்தின் சதவீதம்) என்ற எண்ணை அப்புறம்தான் கவனித்தேன், 70க்கு மேல். லினக்ஸில் டிஸ்குக்காகக் காத்துக் கிடக்கும் ப்ராசஸும் லோடு கணக்கில் சேரும், அதனால் சிபியு சும்மா இருந்தாலும் லோடு மட்டும் எகிறும்.

ரெய்டு நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் பார்த்தால் ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவை வைக்கும் முறை) செக் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு 12.57க்கு இது தானாகவே கிளம்பும், இரண்டு டிஸ்கையும் முழுக்கப் படித்து ஒப்பிடும். வேக உச்சவரம்பு இயல்பாக நொடிக்கு 200 எம்பி, அதை 20க்கு இறக்கினேன். லோடு ஓரளவு தணிந்தது. செக் முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும்.

ஆனால் போன மாதமெல்லாம் இப்படித் திணறவில்லையே என்று உறுத்தியது. டிஸ்க் எவ்வளவு பிஸி என்று காட்டும் ஐயோஸ்டாட்டில் ஒரு டிஸ்க் 100 சதவீதம் பிஸி, ஜோடி டிஸ்கோ ஹாயாக இருந்தது. கண்ணாடி போல ஒரே வேலை செய்யும் இரண்டில் ஒன்று மட்டும் மூச்சு வாங்கினால் சந்தேகப்பட வேண்டியதுதான். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத இடங்கள்) 48. ரெய்டு இன்னும் இரண்டு டிஸ்கும் நலம் என்றே காட்டியது, அதுதான் எரிச்சல். பேக்கப் சரிபார்த்து, ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்மினில் அந்த டிஸ்கை ஃபெயில் செய்து கழற்றி (சீரியல் எண்ணை மூன்று தடவை பார்த்தேன்), புதியதைச் சேர்த்தேன். வேக வரம்பை மறுபடி 200க்கு ஏற்றியதும் ஐந்து மணி நேரத்தில் ரீபில்ட் முடிந்தது, லோடு 0.6.