பாயின்செட்டியா நெடுநெடுவென வளராமல் இருக்க வளர்ச்சி ஒடுக்கியைப் பயன்படுத்தும் முறை

பெங்களூரில் கிறிஸ்துமஸை எதிர்பார்த்து, நுனி இலைகள் சிவக்கும் பாயின்செட்டியா என்ற அலங்காரச் செடியை வளர்ப்பவர்களில் பலர், செடி நெடுநெடுவென உயர்ந்து சாய்ந்த பிறகே உயரத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தான வளர்ச்சி ஒடுக்கியைத் தேடி உரக்கடைக்குப் போகிறார்கள். அப்போது வாங்குவது வீண். செல்களை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்னும் ஹார்மோன் செடிக்குள் உருவாவதை இம்மருந்துகள் தடுப்பதால், இனி வரும் கணுவிடைகள் (தண்டில் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) குறுகுமே தவிர, நீண்டுவிட்ட தண்டு சுருங்காது. வெயில் படாத பால்கனியில் வெளிச்சத்தைத் தேடி நீளும் செடிக்கு முதலில் தேவைப்படுவது இடமாற்றம்.

ஆகஸ்டு இறுதியில் நுனியைக் கிள்ளிவிட்டு, பக்கக் கிளைகள் 4 முதல் 5 செ.மீ. வளர்ந்ததும் தெளிப்பதே சரியான பருவம். கடைகளில் சைக்கோசெல் என்று கேட்டு வாங்கப்படும் குளோர்மெக்வாட் குளோரைடு 50 சதவீதக் கரைசலில் 2 மி.லி. எடுத்து 1 லிட்டர் நீரில் கலந்தால், ஏறத்தாழ 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு மருந்து) கரைசல் கிடைக்கும். முந்தைய நாளே தண்ணீர் விட்ட செடியில், மழை வராத மாலையாகப் பார்த்து, கையுறை அணிந்து, இலைகள் சீராக நனையும்படி தெளிக்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று தொட்டிகளில் மட்டும் தெளித்துப் பார்ப்பது நல்லது. சில நாள்களில் இளம் இலைகளின் ஓரம் மஞ்சளித்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். அக்டோபர் நடுவுக்குப் பிறகு தெளித்தால், நாம் பூவென்று ரசிக்கும் சிவப்பு இலைகளே சிறுத்துப்போகும்.

மற்றொரு வளர்ச்சி ஒடுக்கியான பேக்லோபியூட்ரசாலைக் கையாள இன்னும் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். கொங்கண் பகுதி அல்போன்சா தோப்புகளில் மாமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதற்காக வேர்ப்பகுதி மண்ணில் ஊற்றப்படும் மருந்து இதுதான். புட்டியில் மாமரத்துக்கென அச்சிட்டிருக்கும் அளவைத் தொட்டிச் செடிக்குப் பின்பற்றினால் செடி அப்படியே முடங்கிவிடும். 23 சதவீத மருந்தில் 1 மி.லி.யை, ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளந்து 1 லிட்டர் நீரில் கலக்க வேண்டும். அதிலிருந்து 100 மி.லி. எடுத்து, மேலும் நீர் சேர்த்து 1 லிட்டராக்கினால், தெளிப்பதற்கு ஏற்ற ஏறத்தாழ 25 பிபிஎம் கரைசல் கிடைக்கும். இம்மருந்து தண்டாலும் வேராலும் உறிஞ்சப்பட்டு நீரோடு மேலேறுவது. இலைமீது விழுந்தது அங்கேயே தங்கிவிடும் என்பதால் தண்டு நனைய வேண்டும். ஆனால் தண்டில் வழிந்து மண்ணில் இறங்குவதும் வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது. அளவு மிஞ்சி முடங்கிய செடியை ஜிப்ரலிக் அமிலம் தெளித்து ஓரளவு மீட்கலாம்.

சாமந்திக்கு டாமினோசைடு என்ற வளர்ச்சி ஒடுக்கியே போதும் என்பது என் கருத்து. அது மண்ணில் விரைவில் சிதைந்துவிடுவதால் இலைவழியாக மட்டுமே கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஆலார் என்ற பெயரில் ஆப்பிளுக்கு விற்கப்பட்ட இதே மருந்து, 1989இல் உணவுப் பயிர்களிலிருந்து விலக்கப்பட்டது. அலங்காரச் செடிகளுக்கு இன்றும் பயன்படுகிறது. மாடியில் வளரும் கீரை, தக்காளிப் பக்கம் இவற்றில் எதையும் கொண்டுபோக வேண்டாம். பேக்லோபியூட்ரசால் பட்ட தொட்டி மண்ணில் அதன் வீரியம் நெடுநாள் நீடிப்பதால், டிசம்பர் முடிந்ததும் அந்த மண்ணைக் கொட்டி நாற்று விடுவதையும் தவிர்க்க வேண்டும்.