ஃபயர்வோல் படுத்திட்டுதெண்டா வயரைப் பிடுங்க முதல் பாக்கவேண்டியது

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு எண்டு எந்த ஒஃபிசுக்குப் போனாலும் நெட் நிண்டா ஆக்கள் செய்யிற முதல் வேலை, மூலையில லைட் மின்னிக்கொண்டு கிடக்கிற, வெளி நெட்டுக்கும் ஒஃபிஸ் கொம்பியூட்டருகளுக்கும் இடையில காவல் நிக்கிற ஃபயர்வோல் பெட்டியின்ர வயரைப் பிடுங்கித் திரும்பக் குத்துறதுதான். சிலநேரம் நெட் வந்தும் போடும், அதாலதான் இந்தப் பழக்கம் விடுபடுதில்லை. ஆனா டிஸ்க் இல்லாத சின்னப் பெட்டிகளில லொக், அதாவது என்ன நடந்ததெண்ட பதிவு, எல்லாம் மெமரியிலதான் கிடக்கும், கரண்டைப் பிடுங்கினா அதுவும் போச்சு, பிறகு ஏன் நிண்டதெண்டு ஆராலயும் சொல்லேலாது. நான் ஃபோர்ட்டிநெட் கொம்பனியின்ர ஃபோர்ட்டிகேட் பெட்டியை வைச்சுச் சொல்லுறன், வேற பெட்டியெண்டாலும் ஒழுங்கு இதேதான், கட்டளை மட்டும் மாறும்.

முதல்ல ஃபயர்வோலைத் தொடாம ஃபைபர் ரவுட்டரைப் பாருங்கோ. எல்ஓஎஸ் லைட் சிவப்பா நிண்டா ஃபைபர் சிக்னல் வரேல்லை, மரம் முறிஞ்சு விழுந்திருக்கும் இல்லாட்டி றோட்டுக் கிண்டினவங்கள் அறுத்திருப்பாங்கள், நீங்கள் இங்க என்ன குத்திமுறிஞ்சாலும் வராது, நெட் குடுக்கிற ஆக்களுக்குக் கோல் எடுங்கோ. லைட் ஒழுங்கா இருந்தா ஒரு லப்டொப்பை நேர ரவுட்டரில குத்திப் பாருங்கோ, நெட் வருதெண்டா பிழை ஃபயர்வோலிலயோ அதுக்கு இங்காலயோ. ஒண்டு, ரவுட்டரை பிரிட்ஜ் மோட்ல, அதாவது தான் டயல் பண்ணாம லைனை அப்பிடியே ஃபயர்வோலுக்கு விடுற மாதிரி, போட்டிருந்தா லப்டொப்பில சும்மா வராது, யூசர்நேம் பாஸ்வேர்ட் குடுத்து டயல் பண்ணோணும். அதை யோசிக்காம லைன் பிழையெண்டு போன்ல சண்டை பிடிக்கிற ஆக்களும் இருக்கினம்.

அடுத்தது கரண்ட், எங்கட பக்கம் நான் எப்பவும் இதைத்தான் முதல் சந்தேகப்படுவன். மாரி தொடங்கினா இடியோட கரண்ட் போய்ப் போய் வரும், அப்பிடி ஒரு செக்கன் போய் வாறதுதான் முழுசாப் போறதை விட மோசம். யூபிஎஸ் பச்சை லைட்டோட வடிவா நிக்கும், உள்ள பட்டரி செத்துக் கிடக்கும். இந்த ஈய அமிலப் பட்டரியள் 25 பாகை அளவுச் சூட்டுக்குக் கணக்குப் பண்ணிச் செய்தது, அதுக்கு மேல 10 பாகை கூடினா ஆயுள் பாதி எண்டு ஒரு பொதுக் கணக்கு இருக்கு, சீற் போட்ட அறைக்குள்ள பங்குனி சித்திரையில என்ன சூடெண்டு உங்களுக்கே தெரியும். ஒஃபிஸ் முடிஞ்சாப் பிறகு யூபிஎஸ்ஸின்ர வயரைச் சுவரில இருந்து கழட்டி அஞ்சு நிமிசம் தாங்குதோ எண்டு பாருங்கோ. தாங்காட்டி முதல் செலவு பட்டரிக்குத்தான், புதுப் பெட்டிக்கு இல்லை. சின்ன மொடல்களுக்கு 12 வோல்ட் அடாப்டர், அதையும் மீற்றரால அளவுங்கோ, அடாப்டர் களைச்சுப்போனா பெட்டி பாதி பூட் ஆகி விழும், திரும்ப எழும்பும், திரும்ப விழும். ஃபேன் இல்லாத பெட்டியெண்டா மேல ஃபைல் கட்டு அடுக்காதேங்கோ, கிரவல் தூசியையும் இடைக்கிட ஊதிவிடுங்கோ.

இனி உள்ளுக்குப் போறது. பிரவுசரில பெட்டியின்ர ஐபி அடிச்சா, ஆரும் மாத்தாட்டி 192.168.1.99, லொகின் பக்கம் வரோணும். வராட்டி லப்டொப்பை நேர பெட்டியில பூட்டிக் கட்டளை அடிக்கிற கொன்சோல் கேபிள்தான் கதி. அதை முதலே வேண்டி மேசை லாச்சிக்குள்ள போடுங்கோ, தேவைப்படுற நேரம் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓடேலாது. லப்டொப்பில புட்டி (PuTTY) எண்ட புரோகிராமைத் திறந்து ஸ்பீட் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டொப் பிட் 1, ஃப்ளோ கொன்ட்ரோல் இல்லை எண்டு போட்டு என்டரைத் தட்டினா எழுத்து வரும்.

‘கெட் சிஸ்டம் பெர்ஃபோமன்ஸ் ஸ்டேட்டஸ்’ எண்டு இங்கிலீசில அடியுங்கோ, மற்றக் கட்டளையளும் அப்பிடித்தான். நான் கடைசி வரியில இருக்கிற அப்டைமைத்தான், பெட்டி எவ்வளவு நேரமா ஓடுதெண்டதை, முதல் பாப்பன். ஒருத்தரும் கை வைக்காம அது இருபது நிமிசம் எண்டு காட்டினா பெட்டி தானா விழுந்து எழும்பியிருக்கு, திரும்ப யூபிஎஸ் பக்கம் போங்கோ. அப்டைம் நாள்கணக்கில இருந்து மெமரி 88 வீதத்துக்கு மேல நிண்டா அது மெமரியை மிச்சம்பிடிக்கிற கொன்சேர்வ் மோடுக்குள்ள போயிருக்கும், 82க்குக் கீழ இறங்கினாத்தான் வெளிய வரும், அதுக்கிடையில சில பேருக்கு நெட் வரும் சில பேருக்கு வராது, அதாலதான் ஒஃபிசுக்குள்ள ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவினம். எது மெமரியைத் திண்டுது எண்டதுக்கு ‘டயக்னோஸ் சிஸ் டொப்’. பிறகு உள்ள எது எப்ப விழுந்ததெண்டு பாக்க ‘டயக்னோஸ் டிபக் கிராஷ்லொக் ரீட்’. எல்லாத்தையும் போனால படம் எடுங்கோ.

‘எக்ஸிக்யூட் பிங் 8.8.8.8’ அடிச்சு பதில் வந்து, வெப்சைட் பேருக்கு அடிச்சா வரேல்லையெண்டா டிஎன்எஸ் பிழை, அதாவது வெப்சைட் பேரை ஐபி நம்பராக்கிறது வேலை செய்யேல்லை. ரெண்டும் வந்தும் ஆக்களுக்கு ஒரு பக்கமும் திறக்கேல்லையெண்டா லைசன்ஸ் திகதியைப் பாருங்கோ. வெப் ஃபில்டர் லைசன்ஸ் முடிஞ்சா பெட்டியால சைட்டுகளைத் தரம்பிரிக்கேலாது, செட்டிங்கைப் பொறுத்து எல்லாத்தையும் மறிச்சுப்போடும், இதுக்கு றீஸ்டார்ட் மருந்தில்லை. வெளிய இருந்து ஒஃபிஸ் நெட்டுக்குள்ள வாற விபிஎன் மட்டும் வரேல்லையெண்டா பெட்டியின்ர நேரத்தையும் பாருங்கோ, பிழையான நேரத்தில செர்டிஃபிக்கேட் செல்லாது.

இவ்வளவுக்கும் பிறகும் றீஸ்டார்ட் வேணுமெண்டா முதல் கொன்ஃபிக், அதாவது பெட்டியின்ர செட்டிங் எல்லாத்தின்ர பக்கப் ஒண்டை லப்டொப்பில இறக்கிட்டு ‘எக்ஸிக்யூட் ரீபூட்’, கேட்டா y எழுத்தைக் குடுங்கோ. பெட்டியைக் கழட்டோணுமெண்டா ‘எக்ஸிக்யூட் ஷட்டவுன்’ குடுத்து, நிண்டிட்டுது எண்டு கொன்சோலில வந்தாப் பிறகு வயரைக் கழட்டுங்கோ. ஆரும் முதலே பிடுங்கியிருந்தா லொகின் பண்ணேக்க ஃபைல் சிஸ்டம் செக் பண்ணச் சொல்லிக் கேக்கும், பின்னேரம் எல்லாரும் போனாப் பிறகு பண்ணுங்கோ, பெட்டி திரும்ப பூட் ஆகும். எல்லாத்தையும் நிப்பாட்டினதெண்டா முதல் ஃபைபர் ரவுட்டர், அது லைட் பிடிச்சாப் பிறகு ஃபயர்வோல், பிறகு சுவிட்ச். பெட்டியில இருக்கிற குண்டூசி ஓட்டைக்குள்ள மட்டும் கை வைக்காதேங்கோ, ரீசெட் பட்டன் எல்லாத்தையும் அழிச்சுப்போடும், டயல் பாஸ்வேர்டைத் தேடி அலையிறது அதைவிடப் பெரிய மினக்கேடு.

இடி விழுந்த அடுத்தநாள் பெட்டி உயிரோட இருந்து ஒரு போர்ட் மட்டும் செத்துக் கிடந்தா ஃபைபரைக் குற்றம் சொல்லாதேங்கோ, கண்ணாடி இழையில கரண்ட் ஓடாது. வெளிய மரத்திலயோ மதிலிலயோ பூட்டின கமராவுக்குப் போற செப்பு வயரால வந்திருக்கும். கொன்ஃபிக்கில வேற போர்ட்டுக்கு மாத்தி ஓட்டலாம், அந்தக் கமரா வயரை ஃபைபராக்கிற வரைக்கும் மழை இருட்டினா கழட்டி வைக்கிறதுதான் வழி.

பூட்டே ஆகாட்டி கொன்சோலில எந்த வரியோட நிக்குதெண்டு படம் எடுத்து, பெட்டிக்கு அடியில இருக்கிற சீரியல் நம்பரோட வித்த ஆக்களுக்கு அனுப்புங்கோ. ஃபேர்ம்வெயரை, அதாவது பெட்டியை ஓட்டுற மென்பொருளை, திரும்ப ஏத்தினா எழும்பலாம், ஆனா அந்த மெனுவில பூட் டிவைசை ஃபோர்மட் பண்ணுற தெரிவும் இருக்கு, அதால பக்கப் கையில இல்லாம தொடாதேங்கோ.