இங்கிலாந்து மாவட்டக் கவுன்சில் தேர்தல் முடிவுகள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 மே 4-ஆம் தேதி நடந்த தேர்தலில், மிட் சஃபோக் மாவட்டக் கவுன்சிலின் 34 இடங்களில் 24-ஐ பசுமைக் கட்சி பிடித்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 6, லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 4. பிரிட்டனில் ஒரு கவுன்சில் பசுமைக் கட்சியின் கைக்குத் தனிப் பெரும்பான்மையோடு போனது அதுவே முதல் தடவை. ‘ஒரு மாவட்டத்தையே பிடித்துவிட்டார்களா!’ என்று நம் ஆட்கள் வியந்தால், முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தின் கிராமப்புற ‘மாவட்டம்’ நம் மாவட்டம் அல்ல. மிட் சஃபோக்கின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம்தான். கலெக்டர் கிடையாது. குப்பை எடுப்பது, கட்டட அனுமதி, வீட்டுவசதி, கவுன்சில் வரி வசூல் ஆகியவை மாவட்டத்தின் வேலைகள். சாலை, பள்ளி, முதியோர் பராமரிப்பு எல்லாம் அதற்கு மேலே உள்ள கவுண்டி கவுன்சிலிடம். ஊர் மண்டபம், விளையாட்டுத் திடல் போன்றவை கீழே உள்ள பாரிஷ் கவுன்சிலிடம். ஆகவே ‘சாலைக் குழிகளால் ஆளுங்கட்சி தோற்றது’ என்று மாவட்ட முடிவுக்கு விளக்கம் எழுதுவதற்கு முன், குழியை அடைக்க வேண்டியவர்கள் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாக்காளர்களே இதைக் குழப்பிக்கொண்டு வாக்களிப்பதுண்டு, அது வேறு கதை. மாவட்டத் தேர்தலும் பாரிஷ் தேர்தலும் ஒரே நாளில் நடப்பது சகஜம். வார்டு பெயரும் பாரிஷ் பெயரும் ஒன்றாகவே இருப்பதும் உண்டு. கையில் எடுத்த முடிவுத் தாள் எந்தக் கவுன்சிலுடையது என்று தலைப்பைப் பார்க்காமல் எண்களைத் தொடாதீர்கள்.

வாக்குகளை ஆட்களாக எண்ணுவது

பெரும்பாலான பிழைகளுக்கு வேர் இதுதான். ஒரு வார்டுக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர்கள் இருப்பார்கள். மூன்று இடம் உள்ள வார்டில் ஒரே வாக்குச்சீட்டில் ஒருவர் மூன்று பெருக்கல் குறிவரை போடலாம். மூன்றும் போட வேண்டிய கட்டாயம் இல்லை; ஒன்றோடு நிறுத்தினாலும் சீட்டு செல்லும். நான்கு போட்டால்தான் செல்லாது.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை வார்டு. 3 இடங்கள், 6,200 வாக்காளர்கள். பெட்டிகளில் இருந்த சீட்டுகள் 2,108. செல்லாதவை 18, செல்லுபவை 2,090. கன்சர்வேட்டிவ் மூன்று பேரை நிறுத்தி 940, 905, 862 வாங்குகிறது. லிபரல் டெமாக்ரட் இரண்டு பேர்: 921, 733. பசுமைக் கட்சி ஒரே ஆளை நிறுத்துகிறது: 880. லேபர் கட்சிக்கும் ஒரே ஆள்: 260. ஜெயித்தவர்கள் 940, 921, 905 வாங்கிய மூவர். பசுமை வேட்பாளர் 25 வாக்கில் தோற்றார்.

இப்போது எல்லா வாக்குகளையும் கூட்டினால் 5,501 வரும். இதை 6,200-ஆல் வகுத்து ‘வாக்குப்பதிவு 88.7 சதவீதம்’ என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். உண்மையான வாக்குப்பதிவு 2,108-ஐ 6,200-ஆல் வகுத்தால் கிடைக்கும் 34 சதவீதம். இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் எண்பதைத் தாண்டிய வாக்குப்பதிவு கண்ணில் பட்டால், கூட்டியவர் சீட்டுக்குப் பதில் குறிகளை எண்ணிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கட்சி வாரியான சதவீதத்தில் சேதம் இன்னும் அதிகம். மொத்த வாக்குகளை வைத்துப் பார்த்தால் கன்சர்வேட்டிவுக்கு 49.2 சதவீதம், பசுமைக்கு வெறும் 16. ஆனால் செல்லுபடியான 2,090 சீட்டுகளில் 880-இல், அதாவது 42 சதவீதத்தில், பசுமை வேட்பாளருக்குக் குறி விழுந்திருக்கிறது. மூன்று பேரை நிறுத்திய கட்சியின் வாக்கு மூன்று தடவை எண்ணப்படுகிறது, ஒருவரை நிறுத்திய கட்சியுடையது ஒரு தடவைதான்; ஏமாற்றுவது இந்த வித்தியாசமே. இதற்குப் பரவலாகக் கையாளும் மாற்று, ஒவ்வொரு கட்சியிலும் அதிக வாக்கு வாங்கியவரை மட்டும் எடுத்துக் கூட்டுவது. இங்கே அது 940, 921, 880, 260, மொத்தம் 3,001. அந்தக் கணக்கில் கன்சர்வேட்டிவ் 31.3, லிபரல் டெமாக்ரட் 30.7, பசுமை 29.3, லேபர் 8.7 சதவீதம். இந்த முறையும் குறையற்றதல்ல. ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒருவரின் சொந்தச் செல்வாக்கு கட்சிக் கணக்கில் ஏறிவிடும். ஆனாலும் முதல் முறையைவிட இது எவ்வளவோ மேல். எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்பதைச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

‘எத்தனை வாக்கு வித்தியாசம்’ என்பதும் இப்படித்தான். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள 19 வாக்கு இடைவெளிக்குப் பொருளே இல்லை, இருவரும் ஜெயித்தவர்கள். பார்க்க வேண்டியது கடைசியாக ஜெயித்தவருக்கும் முதலாவதாகத் தோற்றவருக்கும் நடுவே உள்ள 25.

வாக்கு எண்ணும் கூடத்திலும் இந்தச் சிக்கல்தான் நேரத்தைத் தின்கிறது. மூன்று குறியும் ஒரே கட்சிக்கு விழுந்த சீட்டுகளைத் தனியாகப் பிரித்துக் கட்டிவிட்டால் வேலை சுலபம். கலந்து போட்ட சீட்டுகளை ஒரு பெரிய தாளில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலகித் தெரியும்படி வரிசையாக ஒட்டி, வேட்பாளர் வாரியாகக் குறுக்கே எண்ணுவார்கள். தொங்கும் சீட்டுகளைப் பார்த்து இந்தத் தாளுக்குப் ‘புல் பாவாடை’ என்று பெயர். கிராமப்புறத்தில் கலந்து போடுவது அதிகம் என்பதால், நள்ளிரவில் முடிவு வரவில்லையே என்று சந்தேகப்பட ஒன்றுமில்லை. மறுநாள் காலையில்தான் எண்ணத் தொடங்கும் கவுன்சில்களும் நிறைய.

தாளில் இல்லாதவர்கள்

செல்லாத வாக்கு எண்ணிக்கையில் எல்லா நிராகரிப்பும் அடங்கிவிடாது. தபால் வாக்கில் கையெழுத்தோ பிறந்த தேதியோ பொருந்தாவிட்டால் அந்தச் சீட்டு எண்ணும் மேசைக்கே வராது. அதேபோல, 2023-இல் முதன்முறையாகப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயமானபோது ஏறக்குறைய 14,000 பேர் வாக்குச்சாவடிவரை போய் வாக்களிக்க முடியாமல் போனது. சாவடிக்கு வந்தவர்களில் அது 0.25 சதவீதம் என்று தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. வார்டு முடிவுத் தாளில் அவர்கள் எந்தக் கட்டத்திலும் தெரியமாட்டார்கள்.

வகுக்கும் எண்ணிலும் கவனம் தேவை. உள்ளாட்சிக்கான வாக்காளர் எண்ணிக்கையும் நாடாளுமன்றத்துக்கானதும் ஒன்றல்ல. வெளிநாட்டில் குடியேறிய பிரிட்டிஷ் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலில் மட்டுமே வாக்களிக்கலாம். பிரபுக்கள் சபை உறுப்பினர்கள் உள்ளாட்சியில் வாக்களிக்கலாம், நாடாளுமன்றத் தேர்தலில் முடியாது. (அங்கே முறைப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு காமன்வெல்த் உரிமையில் இரண்டு தேர்தலிலும் வாக்கு உண்டு. பட்டியலில் பெயரைச் சேர்க்காமல் விடுபவர்களுக்கு இது தெரிவதில்லை.)

‘கைப்பற்றியது’, ‘தக்கவைத்தது’

எதோடு ஒப்பிட்டு? அந்தக் கவுன்சிலின் போன வழக்கமான தேர்தலோடு ஒப்பிடுகிறோமா, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் இருந்த நிலையோடா? நடுவில் இடைத்தேர்தல் வந்திருக்கும், யாராவது கட்சி மாறியிருப்பார். ஒரு செய்தி ‘5 இடம் கூடியது’ என்றும் இன்னொன்று ‘3 இடம் கூடியது’ என்றும் சொல்லும், இரண்டுமே சரியாக இருக்கலாம். உங்கள் அளவுகோலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு எல்லை மாறியிருந்தால் ஒப்பீடே செல்லாது. இங்கிலாந்தின் உள்ளாட்சி எல்லை ஆணையம் அவ்வப்போது வார்டுகளைத் திருத்தி வரையும். பழைய பெயரே நீடிக்கும், உள்ளே இருக்கும் கிராமங்கள் வேறாக இருக்கும். பெயர் ஒத்துப்போகிறதே என்று இரண்டு ஆண்டு முடிவுகளைப் பக்கம் பக்கமாக வைத்துவிடக் கூடாது.

தேர்தல் சுழற்சியையும் பாருங்கள். மிட் சஃபோக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இடத்துக்கும் வாக்களிக்கும் கவுன்சில். ஆக்ஸ்ஃபோர்டுஷரின் செர்வெல் அப்படி இல்லை. 48 இடங்களில் ஒரு தடவைக்கு 16 இடத்துக்கே தேர்தல். அங்கே ஒரு கட்சி 9 இடம் ஜெயித்தாலும் ஆட்சி கிடைத்துவிட்டதாகப் பொருள் இல்லை. மீதி 32 பேரையும் சேர்த்து எண்ண வேண்டும். சில முடிவுகளைத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் கவுன்சிலே இப்போது இல்லை: கம்பிரியா, வட யார்க்‌ஷர், சாமர்செட் மாவட்டக் கவுன்சில்கள் 2023 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு கலைக்கப்பட்டு, மாவட்டம், கவுண்டி இரண்டின் வேலையையும் பார்க்கும் ஒருங்கிணைந்த கவுன்சில்கள் வந்துவிட்டன.

போட்டியே நடக்காத வார்டு

கிராமப்புறத்தில் இது அதிகம். மனு போட்டவர்கள் இடங்களைவிட அதிகம் இல்லையென்றால் வாக்குப்பதிவு இல்லாமலே அவர்கள் கவுன்சிலர் ஆகிவிடுவார்கள். அந்த வார்டில் வாக்கு எண்ணிக்கை பூஜ்யமாக நிற்கும். மாவட்டம் முழுதுக்கும் வாக்கு சதவீதம் போடும்போது, ஒரு கட்சி எதிர்ப்பே இல்லாமல் ஜெயிக்கிற அளவுக்கு வலுவாக உள்ள ஊர்களே கணக்கிலிருந்து விழுந்துவிடும். இன்னொன்று: வேட்பாளர் ஒருவர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்துவிட்டால் அந்த வார்டின் தேர்தல் தள்ளிப்போகும். மொத்த இடங்களைக் கூட்டும்போது எண்ணிக்கை குறைந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

கட்சிப் பெயரிலும் வழுக்கல் உண்டு. ‘லேபர் அண்ட் கோ-ஆப்பரேட்டிவ்’ என்று நிற்பவர் லேபர்தான். ‘லிபரல் கட்சி’ லிபரல் டெமாக்ரட் அல்ல, தனிக் கட்சி. சுயேச்சைகளை ஒரே வரியில் கூட்டி ‘சுயேச்சைகள் இரண்டாமிடம்’ என்பது இன்னும் மோசம். ஒருவரையொருவர் பிடிக்காத ஐந்து பேர்கூட அந்த வரியில் இருப்பார்கள். அவர்கள் எந்தக் குழுவாகச் சேர்கிறார்கள் என்பது தேர்தலுக்குப் பிறகுதான் தெரியும். ‘டெபாசிட் காலி’ என்றும் எழுத வேண்டாம், அங்கே கவுன்சிலர் தேர்தலுக்கு டெபாசிட்டே கிடையாது.

பெரிய கட்சிதான் ஆளும் என்று முடிவு கட்டுவது

கடைசி இடத்துக்கு இரண்டு வேட்பாளர்களின் வாக்குகள் சமமாக வந்தால் தேர்தல் அதிகாரி அங்கேயே குலுக்கல் நடத்துவார். 2017-இல் நார்தம்பர்லாந்து கவுண்டியின் சவுத் பிளைத் வார்டில் இருமுறை மறுஎண்ணிக்கைக்குப் பிறகும் லிபரல் டெமாக்ரட்டும் கன்சர்வேட்டிவும் சமம். குச்சி எடுத்ததில் லிபரல் டெமாக்ரட் ஜெயித்தது. கன்சர்வேட்டிவ் 67-இல் 33-ஓடு நின்று, ஓர் இடத்தில் பெரும்பான்மையைத் தவறவிட்டது.

மறுஎண்ணிக்கை கேட்பதாக இருந்தால் முடிவை அறிவிக்கும் முன்பே கேட்க வேண்டும். அறிவித்துவிட்டால் எண்ணியதில் பிழை என்று தேர்தல் அதிகாரிக்கே தெரிந்தாலும் அவரால் திருத்த முடியாது. தேர்தல் நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுவது ஒன்றே வழி.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாத கவுன்சிலில் அதிக இடம் பெற்ற கட்சி எதிர்வரிசையில் உட்காருவது அங்கே சாதாரணம். கவுன்சிலர்கள் தேர்தலுக்கு நான்காம் நாள் பதவிக்கு வருவார்கள். அதிலிருந்து 21 நாட்களுக்குள் ஆண்டுக் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் சேர்மன் தேர்வையும் தலைவர் தேர்வையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். சேர்மன் கூட்டத்தை நடத்துபவர். ஆட்சிப் பொறுப்பு தலைவரிடம். ஆனால் 34 பேர் உள்ள அவையில் 17-17 என்று நின்றால், இன்னொரு வாக்கு போடும் உரிமை அந்தச் சேர்மனுக்குத்தான் உண்டு.