தெருமுனை மதுக்கூடம் தெருவுக்கு உதவ நினைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், புதிதாக மதுக்கூடம் திறக்கப்போகும் இரண்டு கூட்டாளிகள் தங்கள் திட்டத்தை என்னிடம் காட்ட வந்திருந்தார்கள். இருவருக்கும் 30 வயதுகூட ஆகவில்லை. வெறும் குடிக்கிற இடமாக இருக்கக் கூடாது, தெருவுக்கே பயன்பட வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணம்தான். கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி: 'நீங்கள் அருந்தும் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு பங்கு பள்ளி நூலகத்துக்கு.'

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 11 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே வரியைச் சாக்கட்டியால் கரும்பலகையில் எழுதி, என் கடை வாசலில் நானே சாய்த்து வைத்திருக்கிறேன்.

சிறுவர்களுக்கு விற்காதீர்கள், நிற்க முடியாதவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றாதீர்கள், குடித்தவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள் என்றெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், ஏற்கெனவே தள்ளாடுகிறவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து, அவர் போகிற வழியில் யார்மீதாவது மோதிவிட்டால், ஊற்றிக் கொடுத்த கடைமீதே வழக்குப் போடலாம். இதுவே தெரியாதவர் உரிமம் கேட்டு விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது. நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகள்தான் வேறு ரகம். அவற்றை யாரும் தடுப்பதில்லை. கைதட்டி வேறு ஊக்குவிப்பார்கள்.

மதுவால்தான் நன்மை என்று நினைப்பது

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் 'மூன்றாவது இடம்' என்ற கருத்தை முன்வைத்தார். வீடு முதல் இடம், வேலை இரண்டாவது. இரண்டிலும் சேராமல் மனிதர்கள் சும்மா வந்து உட்கார்ந்து பேசுகிற இடம் மூன்றாவது. அங்கே பதவியும் பணமும் வாசலோடு நின்றுவிடும், பேச்சுதான் முக்கிய வேலை, தெரிந்த முகங்கள் இருக்கும். மதுக்கூடங்களையும் அவர் அந்தப் பட்டியலில் சேர்த்தார். காப்பிக் கடைகளையும் முடிதிருத்தகங்களையும்கூடச் சேர்த்தார். அவர் சொன்ன குணங்களில் ஒன்றுக்காவது மது தேவைப்படுகிறதா என்று பாருங்கள்.

எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆகவே எங்கள் சரக்கு ஊருக்கு நல்லது என்று நானோ நீங்களோ நாக்கூசாமல் சொல்ல முடியாது. ஊருக்கு உதவக்கூடியவை வேறு: விளக்கெரியும் ஓர் அறை, நாற்காலிகள், கழிப்பறை, இரவில் திறந்திருக்கும் கதவு, கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று 'அந்தப் பெரியவரை மூன்று நாளாகக் காணோமே' என்று யோசிக்கிற ஓர் ஆள்.

இங்கிலாந்தில் ஹட்ஸ்வெல் என்ற கிராமத்தில் மூடிக்கிடந்த 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' என்ற பப்பை ஊர்க்காரர்களே பணம் போட்டு வாங்கி 2010இல் திறந்தார்கள். அதற்குள் சின்ன நூலகம் வைத்தார்கள், மளிகைக் கடை வைத்தார்கள், பின்னால் இருந்த நிலத்தைத் தோட்டம் போடப் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் பங்கு போட்டுக்கொண்டது கட்டடத்தையும் மண்ணையும். பீப்பாயை அல்ல.

நன்கொடையைக் கோப்பையோடு கட்டிப்போடுவது

இப்போது அந்தக் கரும்பலகைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் சிறுவர்களுக்கான படிப்பகம் ஒன்று இருந்தது. ஒரு மழையில் அதன் கூரை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அன்று மாலையே, ஒரு மாதம் முழுக்க விற்கும் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு பங்கு கூரைக்கு என்று அறிவித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. படிப்பகத்தை நடத்திய ஆசிரியையிடம்கூட. மறுநாளே, எங்களுக்குச் சரக்குப் போடும் விற்பனைப் பிரதிநிதி வண்ணச் சுவரொட்டிகளை இலவசமாக அச்சடித்துக் கொண்டுவந்தார். எவ்வளவு தாராளம் என்று நெகிழ்ந்துபோனேன். எத்தனை பெட்டி கூடுதலாகப் போகும் என்பது அவர் கணக்கு. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

விற்பனை ஏறியது. மூன்றாவது வாரத்தில் பண்டிகைக் கூட்டம்போல இருந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். எப்போதும் இரண்டு கோப்பை. இரண்டாவது முடிந்ததும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அந்த மாதம் கவிழ்ப்பதை நிறுத்திவிட்டார். மூன்றாவதைத் தூக்கிப் பிடித்து 'இது கூரைக்கு' என்பார், மொத்தக் கூடமும் ஆரவாரம் செய்யும். நான்காவதும் கூரைக்கே. ஆரவாரம் செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதை எழுதும்போது இன்றைக்கும் காது சூடாகிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் கடைப் படிக்கட்டிலேயே தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி இரண்டு நாள் கழித்து வந்தார். சண்டை போடவில்லை. ஓர் உறையைக் கவுன்ட்டர்மேல் வைத்தார். 'இது கூரைக்கு. கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்போம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு பங்கு என்றால் எதில் ஒரு பங்கு? விற்ற விலையிலா, வரி போக மிஞ்சியதிலா, லாபத்திலா? சிந்தியது, உடைந்தது, நண்பர்களுக்குச் சும்மா கொடுத்ததெல்லாம் கணக்கில் வருமா? பலகையில் நான் எதையும் எழுதவில்லை. தனி நோட்டும் போடவில்லை. எல்லாம் ஒரே கல்லாவில் விழுந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தவர்கள் மனக்கணக்காக ஒரு தொகை போட்டு வைத்திருந்தார்கள். நான் கொடுத்தது அதைவிடக் குறைவாகத் தெரிந்தது. பேச்சை நிறுத்துவதற்காகக் கைப்பணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். பேச்சு நிற்கவில்லை. கூரைப் பணத்தில்தான் புது நாற்காலி போட்டிருக்கிறான் என்று இரண்டு ஆண்டுகள் கழித்தும் என் காதுபடவே ஒருவர் சொன்னார்.

உதவியவர்கள் பெயர்களைப் பலகையில் எழுதும்போது மதுக்கூடத்தின் பெயரைக் குழந்தைகள் நுழைகிற வாசலில் போட முடியாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி. தன் மாணவர்களின் வீடுகள் சிலவற்றில் குடி என்ன செய்துகொண்டிருந்தது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வீடுகளில் ஒன்றிலிருந்தும் எங்கள் கூடத்துக்குள் வந்து பணம் போட யாராலும் முடியாது. தெரு முழுக்கச் சேர்ந்து செய்ய வேண்டிய காரியத்தைக் குடிக்கிறவர்களின் கேளிக்கையாக மாற்றிவிட்டிருந்தேன்.

எப்படிச் செய்ய வேண்டும்? பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வையுங்கள். இரண்டு பூட்டு: ஒரு சாவி உங்களிடம், இன்னொன்று பணம் யாருக்குப் போகிறதோ அவர்களிடம். இருவரும் இருக்கும்போது திறந்து, எண்ணி, தொகையையும் தேதியையும் அங்கேயே எழுதி ஒட்டுங்கள், ரசீது வாங்குங்கள். பெட்டியைக் கவுன்ட்டரில் வைக்காமல் வாசலில் வைத்தால், உள்ளே வராதவரும் போடுவார். கடை சார்பில் கொடுப்பது எவ்வளவு என்பதை முதல் நாளே முழுத்தொகையாகச் சொல்லிவிடுங்கள்; விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறக் கூடாது. சுவரொட்டி தருகிறேன் என்று வருகிற பிரதிநிதிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், யாருக்கு உதவப்போகிறீர்களோ அவர்களிடம் போய், உங்கள் பெயரில் நாங்கள் பணம் திரட்டலாமா என்று கேளுங்கள்.

அடுத்த ஆண்டு அந்த ஆசிரியையிடம் நானே போய்க் கேட்டேன். பணம் வேண்டாம், பழைய புத்தகங்களை விற்க ஒரு பிற்பகல் கூடத்தைத் தர முடியுமா என்றார். அலமாரிகளைத் துணி போட்டு மூடினோம், ஒரு சொட்டு விற்கவில்லை. அன்று வந்தவர்களில் பாதிப் பேரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர்கள் அதே தெருவில்தான் குடியிருந்தார்கள்.

குடிக்காதவரை வேண்டாத விருந்தாளியாக்குவது

20 ஆண்டுகள் குடித்துவிட்டு நிறுத்தியவர் ஒருவர், பேச்சுக்காக மட்டும் எங்கள் கூடத்துக்குத் திரும்பி வந்தார். சோடா கேட்டார். என் பணியாளர் 'வேறென்ன?' என்றார். சோடா மட்டும் என்றார். 'வெறும் சோடாவா?' அந்த 'வெறும்' என்ற சொல்லை மூன்று மேசை திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடி வரவில்லை. மது இல்லாத பானங்களைப் பட்டியலின் முதல் பக்கத்தில் போடுங்கள், அதே நல்ல கோப்பையில் கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

காலிப் பாட்டில்கள்

கடையடைத்த பிறகு குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். காலை பத்து மணிக்குக் கொட்டுங்கள்.

பக்கத்து வீட்டாரின் புகாருக்கு இசைதான் காரணம் என்று நினைத்து ஒலித்தடுப்புப் பலகைக்குப் பெரும் பணம் செலவழித்தவன் நான். அவர்களை எழுப்பியது நள்ளிரவில் கண்ணாடி உடையும் சத்தமும், வாசலில் நின்று அரைமணி நேரம் விடைபெறுகிறவர்களும். இரவு எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுங்கள். அதிகாரிகளுக்குப் போவதற்கு முன் உங்களுக்கு வருவார்கள்.

பழைய வாடிக்கையாளர்களிடம் கூடத்தைத் தாரைவார்ப்பது

தினமும் வருகிறவர்கள்தான் கூடத்தின் உயிர். அவர்களே வாசல் காவலராகவும் மாறிவிடுவார்கள். 'அது அவருடைய நாற்காலி' என்று யாராவது சொன்னால் அன்றே அந்த நாற்காலியை இடம் மாற்றுங்கள். தனியாக ஒரு பெண் உள்ளே வரும்போது எத்தனை தலை திரும்புகிறது, எவ்வளவு நேரம் திரும்பியே இருக்கிறது என்று கவுன்ட்டரில் நின்று கவனியுங்கள்.

2016இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள்: கூட வந்தவரால் அச்சமோ தொல்லையோ ஏற்பட்டால், பணியாளரிடம் போய் 'ஏஞ்சலா இருக்கிறாரா?' என்று கேட்டால் போதும். சத்தமில்லாமல் பாதுகாப்பாக வெளியேற்றி விடுவார்கள். பல இடங்களுக்கு அது பரவியது. நல்ல ஏற்பாடு. ஆனால் கழிப்பறையில் அறிவிப்பை ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பணியாளருக்கும் சொல்லிக்கொடுப்பது ஓயாத வேலை. 'ஏஞ்சலா என்று இங்கே யாரும் இல்லையே' என்று ஒரு பையன் உரக்கப் பதில் சொன்னால், அறிவிப்பே ஒட்டாமல் இருந்திருக்கலாம்.

தொலைக்காட்சி

ஒலியை அணைத்து வையுங்கள். முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

தினம் ஒரு நிகழ்ச்சி

வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாட்களில் மனிதர்கள் பேசட்டும்.

பகலைப் பூட்டி வைப்பது

மாலையில் திறந்து இரவில் மூடுகிற கூடம், நாளின் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் தேர்தல் நாளன்று சில பப்கள் வாக்குச்சாவடியாகவே இயங்குகின்றன. குடியிருப்போர் கூட்டம், மொழி கற்கும் வகுப்பு, சதுரங்கம் ஆடுகிறவர்கள் எனப் பகல் நேரத்தில் ஓர் அறைக்காக அலைகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சிறுவர்கள் வருவதாக இருந்தால் உரிம விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கட்சிக்குக் கொடுத்தால் எல்லாக் கட்சிக்கும் கொடுங்கள், இல்லையேல் யாருக்குமே வேண்டாம். இலவசம் என்று சொன்னால் இலவசமாகவே இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் பட்டியலை நீட்டாதீர்கள்.

நான் ஒரு நோட்டுப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு பக்கவாசல் சாவியைக் கொடுத்துவந்தேன். அத்தனை ஆண்டுகளில் சாவியைத் திருப்பித் தராதவர் ஒருவர்தான். பூட்டை மாற்றுவதற்கு ஆன செலவு, எங்கள் கூடத்தில் ஒரு மாதம் உடைகிற கோப்பைகளின் விலையைவிடக் குறைவு.