மாநிலம் மாறும் குடும்பங்கள் சபர்ப் தேர்வில் செய்யும் தவறுகள்

ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சபர்ப் (நகருக்குள் உள்ள குடியிருப்புப் பகுதி) நல்லது?" என்றுதான். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஐந்து நிமிடத்தில் பத்துப் பதில் வரும். பெரும்பாலும் அவரவர் குடியிருக்கும் இடத்தையே சொல்லியிருப்பார்கள். ஆனால் பள்ளி இடம், வெள்ள அபாயம், இன்டர்நெட் இணைப்பு, இன்ஷூரன்ஸ் கட்டணம், சில விசாக்களின் நிபந்தனை எல்லாம் வீட்டு முகவரியையோ போஸ்ட்கோடையோ பொறுத்தவை. சபர்ப் பெயர் எதற்கும் உத்தரவாதம் தராது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் ஆரம்பிக்கின்றன.

சபர்ப் பெயரை நம்பிப் பள்ளியைத் தீர்மானிப்பது

மெல்பர்னில் கிளென் வேவர்லி என்றதும் கிளென் வேவர்லி செகண்டரி காலேஜ் நினைவுக்கு வரும். அந்தப் பள்ளிக்காகவே கூடுதல் வாடகை கொடுத்து அந்த சபர்ப்புக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த சபர்ப் முழுவதும் அந்தப் பள்ளியின் ஸோனில், அதாவது அந்தப் பள்ளிக்கென்று ஒதுக்கிய எல்லைக்குள் இல்லை. சில தெருக்கள் பிரென்ட்வுட் பள்ளிக்கும் சில ஹைவேல் பள்ளிக்கும் போகும். எல்லைக்கோடு சாலை நடுவே ஓடும் இடங்களில், எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு பள்ளிக்குப் போவார்கள். வாடகை விளம்பரத்தில் "பள்ளிக்கு அருகில்" என்று எழுதியிருப்பது தூரத்தைத்தான் சொல்கிறது. ஸோனுக்குள் வீடு இருப்பதாக அதற்கு அர்த்தம் கிடையாது.

விக்டோரியாவில் ஃபைண்ட் மை ஸ்கூல், நியூ சவுத் வேல்ஸில் ஸ்கூல் ஃபைண்டர், குவீன்ஸ்லாந்தில் எட்மேப் என்று அரசின் சொந்தத் தளங்கள் இருக்கின்றன. வீட்டு எண்ணோடு முழு முகவரியையும் போட்டுப் பாருங்கள். பிள்ளை சேரப்போகும் ஆண்டையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுப் பள்ளி திறக்கும்போது பழைய பள்ளிகளின் எல்லைகள் நகரும். மெல்பர்னில் டார்னீட், கிளைட் நார்த் போன்ற புதுக் குடியிருப்பு எஸ்டேட் பகுதிகளில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே "ஸ்கூல் வரப்போகுது" என்று விற்பனைப் பலகை சொன்னால், எந்த ஆண்டு, எந்த வகுப்புகளோடு என்று கல்வித் துறைத் தளத்தில் பார்த்த பிறகு நம்புங்கள். தொடக்கப் பள்ளி முதலில் வந்து, உயர்நிலைப் பள்ளி பல ஆண்டு கழித்து வருவது சகஜம்.

இன்னொரு சிக்கல் பலருக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். ஸோனுக்குள் இருப்பதற்கு ஆதாரமாகப் பள்ளி கேட்பது லீஸ், மின்கட்டண ரசீது போன்றவை. சிட்னியில் நூறு புள்ளி முகவரிச் சோதனையே உண்டு. தற்காலிகமாகத் தங்கும் ஏர்பிஎன்பி முகவரியை வைத்து ஸோன் இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆகவே ஜனவரி கடைசியில் பள்ளி திறக்கிறதென்றால், நவம்பரிலோ டிசம்பர் தொடக்கத்திலோ லீஸ் கையில் இருப்பது பாதுகாப்பு. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஏஜென்சிகளும் பள்ளி அலுவலகங்களும் பாதி மூடியே இருக்கும்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மை ஸ்கூல் தளத்தில் நாப்லான் (தேசிய அளவிலான பள்ளித் தேர்வு) எண்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்ப்பது நம்மவர்களின் பெரிய பொழுதுபோக்கு. அதே பக்கத்தில் இக்ஸியா என்று ஓர் எண் இருக்கும், சராசரி 1000. பெற்றோரின் படிப்பு, தொழில் போன்றவற்றை வைத்துக் கணக்கிடப்படுவது அது. இக்ஸியா 1150 உள்ள பள்ளி நல்ல நாப்லான் காட்டுவதில் ஆச்சரியம் இல்லை. அதே பின்னணி கொண்ட மாணவர்களோடு ஒப்பிடும் பகுதியைப் பாருங்கள். அங்கே 1020 உள்ள ஒரு பள்ளி மேலே நின்றால், வாரத்துக்கு 150 டாலர் குறைந்த வாடகையில் அதற்குப் பக்கத்தில் குடியிருப்பது மோசமான முடிவு ஆகாது.

எல்லா மாநிலத்துக்கும் ஒரே வயது என்று நினைப்பது

பள்ளியின் முதல் ஆண்டில் சேரும் வயது வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 5 வயது நிறைய வேண்டிய தேதி விக்டோரியாவில் ஏப்ரல் 30, குவீன்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஜூன் 30, நியூ சவுத் வேல்ஸில் ஜூலை 31. டாஸ்மேனியாவில் ஜனவரி 1. ஜூன் 20 அன்று பிறந்த குழந்தை சிட்னியில் இந்த ஆண்டு பள்ளிக்குப் போகலாம். மெல்பர்னுக்குக் குடிபோனால் இன்னொரு வருடம் கின்டரில் இருக்க வேண்டும். அப்போது நீங்கள் தேட வேண்டியது பள்ளி ஸோனை விட, காலியிடம் உள்ள கின்டரும் சைல்ட்கேரும்தான். நடுவில் மாறும் பிள்ளை என்றால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று புதுப் பள்ளியில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேசும்போது ஒன்று கவனம்: சிட்னியில் கின்டர்கார்டன் என்பது பள்ளியின் முதல் வகுப்பு, மெல்பர்னில் கின்டர் அதற்கு முந்தையது. அடிலெய்டில் அந்த முதல் வகுப்புக்கு ரிசெப்ஷன் என்று பெயர்.

செலக்டிவ் பள்ளி (நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) கனவு இருப்பவர்களுக்கும் கணக்கு மாறும். நியூ சவுத் வேல்ஸில் 7-ஆம் வகுப்பிலேயே நுழைவு; 6-இல் தேர்வு. விக்டோரியாவின் நான்கு செலக்டிவ் பள்ளிகளும் 9-ஆம் வகுப்பிலிருந்துதான் எடுக்கின்றன. இடையில் இரண்டு வருடம் பிள்ளை படிக்கப்போவது உங்கள் ஸோன் பள்ளியில். செலக்டிவ் பள்ளி ஒன்றுக்கு அருகில் வீடு எடுப்பதால் தேர்வில் எந்தச் சலுகையும் கிடையாது.

11, 12-ஆம் வகுப்புகளுக்கு நடுவில் மாறுவதை முடிந்தவரை தவிருங்கள். நியூ சவுத் வேல்ஸின் எச்எஸ்சி, விக்டோரியாவின் விசிஇ, குவீன்ஸ்லாந்தின் கியூசிஇ என்ற பள்ளி இறுதிச் சான்றிதழ்கள் மூன்றும் வேறு வேறு அமைப்பு. எடுத்த பாடம் புதுப் பள்ளியில் இல்லாமலே போகலாம்.

கிலோமீட்டரை வைத்து நேரத்தைக் கணக்கிடுவது

"சிட்டியிலிருந்து 25 கிலோமீட்டர்தான்" என்பதில் தகவல் எதுவும் இல்லை. மேப்பில் "இப்போது கிளம்பினால்" என்று ஞாயிறு மதியம் பார்ப்பதுதான் அதைவிட மோசம். பள்ளித் தவணை நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்து, காலை 8.45-க்கு அலுவலகம் சேர வேண்டும் என்று போடுங்கள். 40 முதல் 75 நிமிடம் என்று காட்டினால் 75-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 5.15-க்குத் திரும்பும் பயணத்தையும் தனியாகப் பாருங்கள்.

அதுவும் பாதிக் கணக்குதான். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவரின் காலையை வரிசையாக எழுதிப் பாருங்கள். பள்ளி வளாகத்தில் ஆசிரியர் கண்காணிப்பு பெரும்பாலும் 8.30-க்கு மேல்தான் தொடங்கும். 8.40-க்கு விட்டு, 10 நிமிடம் ஓட்டி ஸ்டேஷன் வந்தால், கார் நிறுத்துமிடம் எப்போதோ நிரம்பியிருக்கும். தெருவில் இடம் தேடி நடக்க 10 நிமிடம். 9.05 ரயில், 45 நிமிடம், நடை 10 நிமிடம். அலுவலகம் சேரும்போது மணி 10. இதைத் தவிர்க்கத்தான் காலை 6.30, 7 மணிக்குத் திறக்கும் பிஃபோர் ஸ்கூல் கேர். அதற்குப் பல பள்ளிகளில் காத்திருப்புப் பட்டியல் உண்டு. வீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பள்ளியின் கேர் சேவைக்கு ஒரு போன் போட்டு, உங்களுக்குத் தேவையான கிழமைகளில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ரயில் நிலையம் இருக்கிறது என்பதோடும் நின்றுவிடக் கூடாது. டார்னீட் ஸ்டேஷன் 2015-இல் திறந்தது. அங்கே வருவது மெட்ரோ ரயில் இல்லை, ஜீலாங் பாதையில் ஓடும், வெளியூர்களை இணைக்கும் வி/லைன் டீசல் ரயில். அது நகர மையத்தின் சதர்ன் கிராஸ் ஸ்டேஷனோடு நின்றுவிடும். பார்லிமென்ட் ஸ்டேஷன் பக்கம் அலுவலகம் என்றால் அங்கே மாற வேண்டும். பாயின்ட் குக், கிளைட் நார்த் இரண்டிலும் ஸ்டேஷனே கிடையாது. பக்கத்து சபர்ப் ஸ்டேஷனுக்கு வெளியேறும் சாலைதான் காலை நேரத்து உண்மையான தடை.

பிரிஸ்பனில் 2024 ஆகஸ்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் 50 சென்ட். பணம் மிச்சம், நேரம் மிச்சமில்லை. காரில் போகிறவர்கள் டோலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நாளுக்கு 10 டாலர் என்றால், 230 வேலை நாளுக்கு 2300 டாலர். பெர்த்திலும் அடிலெய்டிலும் டோல் சாலைகளே இல்லை.

பழைய மாநில வேலையை வீட்டிலிருந்தே தொடர்கிறவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். குவீன்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் டேலைட் சேவிங் கிடையாது. கோடையில் சிட்னி 9 மணி மீட்டிங் பெர்த்தில் காலை 6 மணி. பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் நேரம் உங்கள் வேலை நாளின் நட்ட நடுவில் வரும். மூன்று மணிக்கு அழைத்து வருவது மட்டும் சுலபம். இவர்களுக்கு நகரத்துக்கு அருகில் என்பதைவிட, பள்ளிக்கு நடந்துபோகும் தூரம் பல மடங்கு முக்கியம்.

வெயில் அடிக்கும் நாளில் பார்த்து வெள்ளத்தை மறப்பது

2011 ஜனவரியிலும் 2022 பிப்ரவரியிலும் பிரிஸ்பனில் வெள்ளம் வந்தது. ராக்லி, ஆக்ஸ்லி, கிரேஸ்வில் பகுதிகளில் ஒரே தெருவில் மேட்டு வீடு தப்பியது, நூறு மீட்டர் கீழே இருந்த வீடு மூழ்கியது. நகர சபையின் ஃப்ளட்வைஸ் அறிக்கை முகவரி வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அதே முகவரிக்கு ஆன்லைனில் இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் ஒன்று போடுங்கள். வெள்ளப் பாதுகாப்போடு சேர்த்துக் கேட்கும்போது தொகை எகிறினாலோ, அந்தப் பாதுகாப்பையே தர மறுத்தாலோ, விஷயம் தெரிந்துவிட்டது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: உரிமையாளரின் இன்ஷூரன்ஸ் உங்கள் சோபாவுக்கும் லேப்டாப்புக்கும் காருக்கும் பணம் தராது.

தூண் மேல் நிற்கும் பழைய குவீன்ஸ்லாந்து வீடுகளில் கீழ்த்தளத்தை அடைத்து அறையாக்கியிருப்பார்கள். டேப் எடுத்து உயரம் அளந்து பாருங்கள். 2.4 மீட்டருக்குக் குறைவென்றால் அதைப் படுக்கையறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் அதுதான்.

மெல்பர்னிலிருந்து சிட்னி மேற்குக்கு வருகிறவர்கள் வெப்பத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. கடலோர சபர்ப்புக்கும் அங்கேயும் ஒரே "சிட்னி வானிலை" கிடையாது. ஏசி எத்தனை அறையில் இருக்கிறது, மேற்குப் பார்த்த சுவரில் மரநிழல் உண்டா என்று பாருங்கள். பேட்ஜரிஸ் கிரீக் புதிய விமான நிலையம் இரவு நேரத் தடை இல்லாமல் 24 மணி நேரமும் இயங்கத் திட்டமிடப்பட்டது என்பதால், அந்தப் பக்கம் போகிறவர்கள் விமானப் பாதை வரைபடத்தையும் பார்ப்பது நல்லது.

கோயில், கடை, சொந்தக்காரர்

இந்த மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வீடு தேடுவதைத் தவறு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும், வாரம் பத்து முறை போகும் இடத்தையும் மாதம் இரண்டு முறை போகும் இடத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மெல்பர்ன் சிவா விஷ்ணு கோயில் கேரம் டவுன்ஸில், தென்கிழக்கில் இருக்கிறது. மேற்கே குடியிருப்பவர்களுக்கு அது நகரின் மறுகோடி. சன்ஷைன் முருகன் கோயில் பக்கம். எந்தக் கோயில் என்பதை வீடு தீர்மானிக்கட்டும். தமிழ்ப் பள்ளி மட்டும் விதிவிலக்கு. வாராவாரம் போக வேண்டியது, 40 நிமிடத்துக்கு மேல் ஆனால் இரண்டாம் தவணையிலேயே நின்றுபோகும்.

வாடகையை நான்கால் பெருக்குவது, ஒரு வருட லீஸில் சிக்குவது

இங்கே வாடகை வாரக் கணக்கு. வாரம் 650 டாலர் என்றால் மாதம் 2600 என்று பட்ஜெட் போடுவது தவறு. 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2817 டாலர். வருடத்துக்கு 2600 டாலர் துண்டு விழுகிறது. ஆரம்பத்தில் பொதுவாக நான்கு வார வாடகை பாண்ட் (வெளியேறும்போது திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை), இரண்டு வார முன்பணம்: ஆக 3900. பழைய மாநில பாண்ட் கைக்கு வருவதற்குள் புதிய பாண்ட் கட்ட வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே பணமாக நினைக்காதீர்கள்.

ஊர் தெரியாமல் 12 மாத லீஸ் போட்டு, மூன்றாம் மாதம் வெளியேற நினைப்பவர்கள் நிறைய. நியூ சவுத் வேல்ஸில் லீஸ் காலத்தில் கால்வாசிகூட முடியாமல் முறித்தால் நான்கு வார வாடகை கட்ட வேண்டும். பாதிக்குள் என்றால் மூன்று வாரம். முதல் வீட்டுக்கு 6 மாத லீஸ் கேளுங்கள். சில ஏஜென்ட்கள் மறுப்பார்கள், ஆனால் குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வீட்டை நேரில் பார்க்காமல் விண்ணப்பித்தால் பல ஏஜென்சிகள் கோப்பையே திறப்பதில்லை. 15 நிமிட இன்ஸ்பெக்‌ஷனுக்கு அந்த ஊர் நண்பர் ஒருவரை அனுப்பி, ஷவரில் தண்ணீர் வேகம், ஒவ்வோர் அறையிலும் போன் சிக்னல், அலமாரிக்குள் பூஞ்சை வாடை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். என்பிஎன் (தேசிய இன்டர்நெட் வலையமைப்பு) இணைப்பு வீடு வரை ஃபைபரா, தெருமுனையோடு நின்று செம்புக் கம்பியில் வருகிறதா என்பதை முகவரி போட்டு நீங்களே பார்த்துவிடலாம்.

விசாவையும் வாங்கும் உரிமையையும் கடைசியில் பார்ப்பது

491 என்ற தற்காலிக விசாக்காரர்கள் ரீஜனல் (பெருநகரம் அல்லாத பகுதி என்று அரசு வகைப்படுத்திய) போஸ்ட்கோடுக்குள்தான் வசிக்கவும் வேலை பார்க்கவும் வேண்டும். பெர்த், அடிலெய்ட், கோல்ட் கோஸ்ட், ஜீலாங், வொலன்காங் எல்லாம் அதில் வரும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன் பெருநகரங்கள் வராது. பெருநகர விளிம்பில் அடுத்தடுத்த போஸ்ட்கோடுகளில் ஒன்று உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் இருக்கும். லீஸில் கையெழுத்திடும் முன் உள்துறை அமைச்சகப் பட்டியலில் அந்த நான்கு இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். இந்த நிபந்தனையை மீறினால் 191 நிரந்தர விசாவுக்குத் தேவையான மூன்று வருடக் கணக்கு ஆட்டம் காணும்.

"ஆறு மாசம் இருந்துட்டு அங்கேயே வாங்கிடலாம்" என்ற திட்டத்துக்கு இரண்டு முட்டுக்கட்டை உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, சில விலக்குகள் தவிர, ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கத் தடை இருக்கிறது. குடியுரிமையோ நிரந்தர விசாவோ உள்ளவர்கள், பழைய மாநிலத்தில் வீடு வாங்கியிருந்தால் புது மாநிலத்தில் முதல் வீட்டுக்கான முத்திரைத்தாள் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது. மாநிலம் புதிதாக இருந்தாலும், ஆஸ்திரேலியாவில் எங்கே வாங்கியிருந்தாலும் கணக்கில் வரும். கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் வாங்கியிருந்தாலும் மற்றவரின் தகுதியும் பொதுவாக அடிபடும்.