ஒரே பக்கம் மூக்கடைப்பா? மூக்குச் சுரப்பிக் கட்டியைக் கண்டுபிடிக்கும் வழி

மூக்கடைத்தால் யாரும் புற்றுநோயை நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டாம். சளி, அலர்ஜி, சைனஸ் என்று எத்தனையோ சாதாரண காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு துளைகளையும் படுத்தும். ஒரே பக்கம் அடைத்து, அந்தப் பக்கமே ரத்தம் கலந்த சளி வந்து, வாரக்கணக்கில் ஸ்ப்ரே அடித்தும் அசையாமல் இருந்தால் அடினோகார்சினோமா (சுரப்பித் திசுவில் தொடங்கும் புற்றுநோய்) மாதிரி அரிய சுரப்பிக் கட்டிகளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அதோடு கன்னம் மரத்துப்போனாலோ, ஒரு கண் முன்னால் தள்ளினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனதும், அவர் கேட்காவிட்டாலும், பார்த்த வேலையைச் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் மேசை நாற்காலி செய்தவர்களுக்கு இந்தப் புற்று அதிகமாக வருவதை 1960களில் கவனித்தார்கள். ஓக், பீச் போன்ற மரங்களின் தூளும், செருப்புப் பட்டறையில் பறக்கும் தோல் தூளும் காரணம் என்று பிறகு உறுதியானது. தூளைச் சுவாசித்த காலத்துக்கும் கட்டி வருவதற்கும் இடையே முப்பது, நாற்பது வருடம்கூட ஓடியிருக்கலாம், அதனால் "அந்த வேலையை விட்டு ரொம்ப நாள் ஆச்சு" என்று சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

முதலில் எண்டோஸ்கோபி, அதாவது மெல்லிய கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்ப்பது. வாசனை நரம்புகள் இருக்கும் மேல் இடுக்கில்தான் மரத்தூளால் வரும் வகை பெரும்பாலும் முளைக்கும், அதனால் டார்ச் அடித்து முன்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. சாதாரண பாலிப் (மூக்குக்குள் வளரும் தீங்கற்ற சதை) உரித்த திராட்சை போல வெளிறிப் பளபளக்கும். கட்டியோ சிவந்து, மேடுபள்ளமாக, தொட்டாலே ரத்தம் கசியும். சில சமயம் பாலிப்புக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருக்கும், ஆகவே ஒரு பக்கப் பாலிப்பை எடுத்தால் அதைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடக் கூடாது.

அடுத்து ஸ்கேன், அதற்கப்புறம்தான் பயாப்சி, அதாவது திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. பாலிப் போலத் தெரிவது மண்டையோட்டு ஓட்டை வழியாக இறங்கிய மூளைத் திசுவாக இருக்கலாம். பதின்ம வயதுப் பையனாக இருந்தால், கிள்ளியதும் ரத்தம் கொட்டும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். எலும்பு அரித்திருக்கிறதா என்று சி.டி. சொல்லும். உள்ளே தெரிவது கட்டியா, தேங்கிய சளியா, கண் குழிக்குள்ளோ மூளை உறைக்குள்ளோ நுழைந்துவிட்டதா என்பதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

பயாப்சியில் மேலாக ஒரு துணுக்கு எடுத்தால் அழுகல் திசுவும் உறைந்த ரத்தமும்தான் கிடைக்கும். கொஞ்சம் ஆழமாக, இரண்டு மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். அப்புறம்தான் சுவாரசியமான சிக்கல். மரத்தூளால் வரும் வகை, மைக்ரோஸ்கோப்பில் அச்சு அசல் குடல் புற்று மாதிரியே இருக்கும். சி.கே.20, சி.டி.எக்ஸ்.2 என்ற சாயச் சோதனைகளும் இரண்டுக்கும் பாசிட்டிவாகத்தான் வரும். மூக்கில்தான் பிறந்ததா, குடலிலிருந்து பரவி வந்ததா என்று ஸ்லைடை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் மூக்குக்குப் போனவரைப் பெருங்குடல் எண்டோஸ்கோபிக்கு அனுப்பினால் குழம்ப வேண்டாம், அது சரியான வேலைதான்.

எல்லாச் சுரப்பிக் கட்டியும் இந்த வகை இல்லை. அடினாய்டு சிஸ்டிக் என்ற வேறொரு சுரப்பிப் புற்று என்றால் நரம்பு வழியாக ஊர்ந்து போகும், எம்.ஆர்.ஐ.யில் முக நரம்புகளின் பாதையையும் தேடச் சொல்ல வேண்டும். சுரப்பிகள் பெருத்த வெறும் தீங்கற்ற வளர்ச்சியும் வாசனை நரம்புகள் இருக்கும் அதே மேல் இடுக்கில் வரும், சின்னத் துணுக்கில் அது புற்று போலத் தோன்றி ஏமாற்றலாம்.

ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா' என்று மட்டும் இருந்தால், எந்த வகை, எந்தத் தரம் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்லைடோடு, எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் வாங்கி, தலை கழுத்துக் கட்டிகளை அதிகம் பார்க்கும் பெத்தாலஜிஸ்டிடம் (திசுவைச் சோதிக்கும் மருத்துவரிடம்) கொடுங்கள். கட்டையில் திசு மிச்சமிருந்தால் அதிலிருந்தே புதிதாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள், பெரும்பாலும் மறுபடி மூக்கைக் குடைய வேண்டியிருக்காது.